கேமில் ஒரு பட்டன், காரில் ஒரு கம்ப்யூட்டர்: நைட்ரஸ் ஸ்டேஜ்கள் இயங்குவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில், பெரியவர்கள் கடிதம் டைப் செய்யக் கற்றுக் கொள்வதற்கு முன்பாகவே பிள்ளைகள் கார் ரேஸ் கேம் ஒன்றை இன்ஸ்டால் செய்து முடித்திருப்பார்கள். 2003ஆம் ஆண்டில் வெளியான நீட் பார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் கேமை விளையாடியவர்களுக்கு அந்தப் பட்டன் நன்றாக நினைவிருக்கும். அதை அழுத்தியவுடன் திரை மங்கும். கார் சீறிப் பாயும். முன்னால் சென்றவர்கள் எல்லாம் பின்னால் போய்விடுவார்கள். 2001இல் வந்த தி பாஸ்ட் அண்ட் தி பியூரியஸ் திரைப்படத்திலும் இதே சமாச்சாரம் உண்டு. இதன் பெயர் நைட்ரஸ்.

கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் சென்ற மாதம் கேமை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டான்: "மாமா, நிஜத்திலும் இப்படித்தானா? என் பைக்கில் பாட்டில் மாட்டித் தருவதாக ஒரு மெக்கானிக் சொல்கிறார். மாட்டிக் கொள்ளட்டுமா?" அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே உங்களுக்கும் தருகிறேன். நிஜ ரேஸ் கார்களில் நைட்ரஸை ஒரே பட்டனில் திறந்து விடுவதில்லை. அதைப் பல கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் எப்போது திறக்க வேண்டும் என்று முடிவு செய்யும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் விட்டிருக்கிறார்கள். அது எப்படி என்று பார்ப்போமா?

நைட்ரஸ் என்பது எரிபொருள் அல்ல

நைட்ரஸ் ஆக்சைடு என்பது இரண்டு நைட்ரஜன் அணுக்களும் ஒரு ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த வாயு. 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி இதனைத் தயாரித்தார். பல் மருத்துவர்கள் மயக்கம் கொடுக்கப் பயன்படுத்திய "சிரிப்பு வாயு" இதுதான்.

பலர் நினைப்பது போல இந்த வாயு பெட்ரோல் மாதிரி எரிவதில்லை. இதன் வேலை ஆக்சிஜன் கொடுப்பது மட்டுமே. நாம் சுவாசிக்கும் காற்றில் எடைக்கணக்கில் சுமார் 23 சதவீதம் ஆக்சிஜன் உள்ளது. நைட்ரஸ் ஆக்சைடில் இது சுமார் 36 சதவீதம். எஞ்சினுக்குள் வெப்பம் ஏறும்போது இந்த வாயு பிரிந்து ஆக்சிஜனைக் கொடுக்கிறது. அதிக ஆக்சிஜன் கிடைத்தால் அதிக பெட்ரோலை எரிக்கலாம். அதிக பெட்ரோல் எரிந்தால் அதிக சக்தி கிடைத்திடும். மேலும், திரவமாக வரும் நைட்ரஸ் ஆவியாகும்போது உள்ளே செல்லும் காற்றையும் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் அதுவும் ஒரு லாபம்.

இந்த யோசனை சினிமாக்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தன் போர் விமானங்களில் ஜி.எம்.-1 என்ற பெயரில் இதைப் பயன்படுத்தியது. மிக உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சின் திணறும்போது, நைட்ரஸ் அதற்கு ஆக்சிஜனைக் கொடுத்தது.

இதில் ஒரு விஷயத்தை மனதில் இருத்திக் கொள்ளுங்கள். கூடுதல் ஆக்சிஜன் வரும்போது அதற்கு ஈடான கூடுதல் பெட்ரோலும் வந்தாக வேண்டும். நைட்ரஸ் வந்து பெட்ரோல் வராமல் போனால், எஞ்சினுக்குள் வெப்பம் எல்லை மீறி பிஸ்டன் உருகிவிடும். இதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. ஓரிரு விநாடிகளே போதும். இந்தக் கட்டுரையில் வரும் எல்லா ஏற்பாடுகளும் இந்த ஒரு விபத்தைத் தடுப்பதற்காகத்தான்.

என்னென்ன பாகங்கள் இருக்கும்?

ஒரே கட்டம் மட்டும் கொண்ட சாதாரண அமைப்பில் என்ன இருக்கும் என்று முதலில் பார்ப்போம்.

பாட்டில்: காரின் பின்புறம் இருக்கும் உலோகக் குடுவை. அமெரிக்காவில் 10 பவுண்டு, அதாவது சுமார் 4.5 கிலோ கொள்ளும் பாட்டில் பரவலாகப் பயன்படுகிறது. உள்ளே நைட்ரஸ் அழுத்தத்தில் திரவமாக இருக்கும். பெரும்பாலானவர்கள் 900 முதல் 1000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இதை இயக்குகிறார்கள். நம் காரின் டயரில் 30 பி.எஸ்.ஐ. அளவில்தான் காற்று அடிக்கிறோம் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாலினாய்டு வால்வு: மின்சாரம் கொடுத்தால் திறக்கும், நிறுத்தினால் மூடும் வால்வு. நைட்ரஸுக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று.

ஜெட்: நடுவில் மிகத் துல்லியமான துளை போட்ட சிறிய உலோகத் துண்டு. எத்தனை குதிரைத்திறன் கூட வேண்டும் என்பதை இந்தத் துளையின் அளவுதான் தீர்மானிக்கிறது. நைட்ரஸ் ஜெட்டும் பெட்ரோல் ஜெட்டும் ஜோடிப் பொருத்தம் பார்த்துப் போட வேண்டியவை.

சுவிட்சுகள்: ஓட்டுநர் ஆன் செய்யும் மெயின் சுவிட்ச், ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தால் மட்டும் இணையும் சுவிட்ச், எஞ்சினின் சுழற்சி குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால் மட்டும் அனுமதிக்கும் ஆர்.பி.எம். சுவிட்ச்.

இந்த மூன்றும் "ஆம்" என்று சொன்னால்தான் வால்வு திறக்கும். ஒன்று "இல்லை" என்றாலும் திறக்காது. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவர்களுக்கு இது பழக்கமான விஷயம். "இது உண்மையாக இருந்து, அதுவும் உண்மையாக இருந்தால் இதைச் செய்" என்ற கட்டளைதான் இங்கே வயர்களாக மாறியிருக்கிறது.

ஏன் பல ஸ்டேஜ்கள்?

அமெரிக்காவில் டிராக் ரேஸ் என்ற போட்டி மிகவும் பிரபலம். இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நேர்க்கோட்டில் கால் மைல் (402 மீட்டர்) அல்லது அரைக்கால் மைல் (201 மீட்டர்) ஓட வேண்டும். முதலில் கடப்பவர் வெற்றி பெறுவார்.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மொத்த சக்தியையும் கொடுத்தால் என்ன ஆகும்? சேற்றில் சிக்கிய லாரியைப் போல டயர் நின்ற இடத்திலேயே சுற்றும். புகை வரும், கார் நகராது. பக்கத்துக் கார் போய்விடும். பிடிமானம் கிடைத்து வேகம் எடுத்த பிறகு அதே சக்தியைக் கொடுத்தால் டயர் அதைத் தாங்கிக் கொள்ளும்.

எனவே நைட்ரஸை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தனித்தனி ஸ்டேஜ்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் தனி வால்வுகள், தனி ஜெட்டுகள். முதல் ஸ்டேஜ் கிளம்பும்போது அல்லது கிளம்பிய உடனே. இரண்டாவது சற்று நேரம் கழித்து. மூன்றாவது அதற்கும் பின்னால். அமெரிக்காவின் ப்ரோ மாடிபைடு வகைக் கார்களில், நைட்ரஸில் ஓடுபவை மூன்று, நான்கு ஸ்டேஜ்கள் வரை வைத்திருப்பது வழக்கம். அங்குள்ள பி.டி.ஆர்.ஏ. அமைப்பு ப்ரோ நைட்ரஸ் என்று இதற்காகவே ஒரு பிரிவு வைத்துள்ளது. அதன் முன்னணிக் கார்கள் 201 மீட்டரை 4 விநாடிகளுக்கும் குறைவாகக் கடந்துவிடுகின்றன. அந்த நான்கு விநாடிக்குள் அத்தனை ஸ்டேஜ்களையும் கையால் ஆன் செய்ய எந்த மனிதராலும் முடியாது. இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது.

ஒரு உதாரணக் கணக்கு

400 குதிரைத்திறன் கொண்ட ஒரு வி8 எஞ்சினை எடுத்துக் கொள்வோம். முதல் ஸ்டேஜில் 100, இரண்டாவது ஸ்டேஜில் 150. மொத்தம் 650 குதிரைத்திறன்.

ஸ்பார்க் பிளக்கில் பொறி விழும் நேரம் முக்கியமானது. பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்பே பொறி விழும். நம் உதாரண எஞ்சினில் இது 34 டிகிரி முன்னதாக என்று வைத்துக் கொள்வோம். நைட்ரஸ் வந்தால் கலவை வேகமாக எரியும். ஆகவே பொறியைத் தாமதப்படுத்த வேண்டும். இல்லையென்றால் மேலே ஏறிக் கொண்டிருக்கும் பிஸ்டனை வெடிப்பு கீழ்நோக்கி அடிக்கும். ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் 2 டிகிரி தாமதம் என்பது தொடக்கத்திற்குப் பலரும் பின்பற்றும் கணக்கு.

முதல் ஸ்டேஜ்: 100 குதிரைத்திறனுக்கு 4 டிகிரி. பொறி 30 டிகிரியில்.

இரண்டாவது ஸ்டேஜ்: மேலும் 150க்கு 6 டிகிரி. பொறி 24 டிகிரியில்.

இதனை உங்கள் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்கலாம். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பில் புதிய ஷீட் ஒன்றைத் திறந்திடுங்கள். முதல் நெடுவரிசையில் ஸ்டேஜ் எண், இரண்டாவதில் அதுவரை சேர்ந்த கூடுதல் குதிரைத்திறன் (100, 250) ஆகியவற்றை டைப் செய்யுங்கள். மூன்றாவதில், இரண்டாவது நெடுவரிசை எண்ணை 50ஆல் வகுத்து, 2ஆல் பெருக்கி, 34இலிருந்து கழிக்கும்படி பார்முலா அமைத்திடுங்கள். 30, 24 என விடை கிடைக்கும். இப்போது 250ஐ 300 என்று மாற்றினால் விடையும் 22 என்று தானாக மாறும். ரேஸ் காரின் கம்ப்யூட்டரில் உள்ள அட்டவணையும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கும்.

கம்ப்யூட்டர் செய்யும் நான்கு வேலைகள்

ரேஸ் காரில் உள்ள எஞ்சின் கம்ப்யூட்டரை ஒரு லேப்டாப்புடன் கேபிள் மூலம் இணைத்து, அதற்கான சாப்ட்வேரில் மதிப்புகளைப் பதிகிறார்கள்.

1. எப்போது திறப்பது? கார் கிளம்பி 1.5 விநாடி கழித்து இரண்டாவது ஸ்டேஜ் என்று நேரத்தை வைத்து அமைக்கலாம். அல்லது இரண்டாவது கியர் விழுந்த பிறகு என்று கியரை வைத்து அமைக்கலாம். 3,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே திறக்காதே என்பது பொதுவான எச்சரிக்கை. மெதுவாகச் சுழலும் எஞ்சினில் நைட்ரஸும் பெட்ரோலும் இன்டேக் குழாய்களில் தேங்கி, அங்கேயே வெடித்துவிடக் கூடும். மேல் எல்லையும் உண்டு. எஞ்சின் அதிவேகத்தைத் தொட்டுப் பெட்ரோல் தானாக நிறுத்தப்படும் இடத்திற்குச் சற்று முன்பாகவே நைட்ரஸ் நின்றுவிட வேண்டும்.

2. எவ்வளவு திறப்பது? வால்வை ஒரேயடியாகத் திறக்காமல், விநாடிக்குப் பல முறை திறந்து மூடி அளவைக் கட்டுப்படுத்தலாம். 20 சதவீதத்தில் தொடங்கி இரண்டு விநாடிகளில் 100 சதவீதத்தைத் தொடும்படி அமைக்கலாம். மாடிப்படி சாய்தளமாக மாறுவது போல சக்தி சீராக ஏறும்.

3. பொறியைத் தாமதப்படுத்துவது. வால்வுக்குக் கட்டளை போகும் அதே நேரத்தில் இக்னிஷன் டைமிங்கையும் மாற்ற வேண்டும். தனி சுவிட்ச் ஒன்றால் இரண்டாவது ஸ்டேஜைத் திறந்து, அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லாமல் விட்டால், பொறி 30 டிகிரியிலேயே இருக்கும். சக்தி மட்டும் ஏறிவிடும். முடிவு உங்களுக்கே தெரியும்.

4. எப்போது மூடுவது? பெட்ரோல் அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் எல்லா ஸ்டேஜையும் உடனே மூட வேண்டும். இன்னொரு கேள்வியும் இருக்கிறது. டயர் வழுக்கியதால் ஓட்டுநர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து மீண்டும் மிதிக்கிறார். அப்போது டைமர் முதலிலிருந்து எண்ண வேண்டுமா, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமா? தொடர்ந்தால், வழுக்கிக் கொண்டிருக்கும் காரில் இரண்டு ஸ்டேஜும் ஒன்றாக வந்து இறங்கும். சாப்ட்வேரில் ஒரு சிறிய பெட்டியில் டிக் செய்வது மட்டும்தான் வித்தியாசம். ஆனால் அந்த டிக் கார் நேராகப் போகிறதா, சுவரில் மோதுகிறதா என்பதைத் தீர்மானிக்கும்.

எந்த வரிசையில் சோதிப்பது?

அனுபவசாலிகள் இரண்டு ஸ்டேஜையும் ஒரே நாளில் ஆன் செய்து பார்ப்பதில்லை. அவர்கள் செல்லும் வரிசையைப் பாருங்கள்.

முதலில் பாட்டில் மூடிய நிலையில் மின்சார வேலைகளை மட்டும் சோதிக்கிறார்கள். ஒவ்வொரு வால்வும் தன் முறை வரும்போது "டிக்" என்று சத்தம் கொடுக்கிறதா என்று பார்ப்பது இதில் அடங்கும். வால்வுகள் அதிக மின்சாரம் இழுப்பவை என்பதால், கம்ப்யூட்டரின் சிறிய வயர் ரிலே ஒன்றை இயக்க, ரிலே வால்வை இயக்கும்படி இணைப்பு இருக்கும்.

அடுத்து பெட்ரோல். குழாய் மூடியிருக்கும்போது மீட்டர் காட்டும் அழுத்தத்தை நம்புவதில்லை. ஜெட் வழியாகப் பெட்ரோல் ஓடிக் கொண்டிருக்கும்போது என்ன அழுத்தம் என்பதுதான் கணக்கு. பல ஸ்டேஜ் அமைப்பில் மிகவும் தவறிப் போகும் இடமும் இதுதான். முதல் ஸ்டேஜ் மட்டும் ஓடும்போது 6 பி.எஸ்.ஐ. என்று மீட்டர் அழகாகக் காட்டும். இரண்டாவதும் சேர்ந்து திறந்தவுடன் பம்ப் ஈடுகொடுக்க முடியாமல் 4க்கு இறங்கிவிடும். ஒரே மோட்டாரில் மாடிக்குழாயையும் கீழ்க்குழாயையும் சேர்த்துத் திறந்தால் இரண்டிலும் தண்ணீர் சன்னமாக வருமே, அதே கதை. ஆகவே இரண்டு ஸ்டேஜும் ஒன்றாக ஓடும்போதுதான் அழுத்தத்தை அளக்க வேண்டும். தேவைப்பட்டால் நைட்ரஸுக்கு என்று தனி பெட்ரோல் பம்ப் வைக்க வேண்டும்.

அதன் பிறகு, சிறிய ஜெட்டுடன் முதல் ஸ்டேஜ் மட்டும் ஓட்டம். ஓட்டம் முடிந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தையும் முனையையும் பார்க்கிறார்கள். கம்ப்யூட்டர் பதிந்து வைத்த லாக் பைலைத் திறந்து பார்க்கிறார்கள். எல்லாம் சரியென்றால்தான் இரண்டாவது ஸ்டேஜ். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்துவிட்டால், பிரச்னை வந்தால் எதனால் வந்தது என்றே தெரியாது. கம்ப்யூட்டரில் ஒரே நாளில் ஐந்து புரோகிராம்களை இன்ஸ்டால் செய்துவிட்டு, எதனால் ஹேங் ஆகிறது என்று தேடியவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

லாக் பைல் சொல்லும் கதை

லாக் பைல் என்பது ஓட்டம் முழுவதும் எஞ்சின் சுழற்சி, பெட்ரோல் அழுத்தம், பாட்டில் அழுத்தம், காற்று-பெட்ரோல் விகிதம், பொறியின் நேரம் ஆகியவற்றை விநாடிக்குப் பல முறை பதிந்து வைத்த பைல். லேப்டாப்பில் திறந்தால் பல வண்ணக் கோடுகளாகத் தெரியும். நம் உதாரணக் காரில் 1.5ஆவது விநாடியில் எல்லோருடைய கண்ணும் இருக்கும். அந்த இடத்தில் பொறியின் கோடு 30லிருந்து 24க்கு இறங்கியிருக்க வேண்டும். பெட்ரோல் அழுத்தக் கோடு இறங்கியிருக்கக் கூடாது. கோடு கொஞ்சம் தொய்ந்திருந்தாலும் அன்றைய ஓட்டம் அத்துடன் நிறுத்தப்படும். கார் நன்றாகத்தான் ஓடியது என்று ஓட்டுநர் சொன்னாலும் சரி. அவர் காது கேட்காததை லாக் பைல் கேட்டிருக்கிறது.

பாட்டில் அழுத்தமும் கவனிக்க வேண்டியது. 100 குதிரைத்திறனுக்கு 10 விநாடியில் சுமார் 0.8 பவுண்டு நைட்ரஸ் செலவாகும் என்பது ஒரு தோராயக் கணக்கு. 250க்கு 2 பவுண்டு. 10 பவுண்டு பாட்டில் ஐந்து ஓட்டம் வரும் என்று பேப்பரில் தோன்றும். ஆனால் நைட்ரஸ் வெளியேற வெளியேற பாட்டில் குளிர்ந்து அழுத்தம் குறைவதால், அதற்கு முன்பே சக்தி குறையத் தொடங்கிவிடும். வெயிலில் நிற்கும் காரில் நிலைமை தலைகீழ். அழுத்தம் ஏறி, கணக்கிட்டதை விட அதிக நைட்ரஸ் வரும். பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். ஆபத்தானது இதுதான். 36.4 டிகிரி செல்சியசுக்கு மேல் நைட்ரஸ் திரவமாகவே இருக்க முடியாது. நம் ஊர்ச் சித்திரை வெயில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

பாட்டிலைச் சூடேற்ற நெருப்பைக் காட்டுவது உயிருக்கே உலை வைக்கும் காரியம். அமெரிக்காவின் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு, வெப்பம் எல்லை தாண்டாமல் பார்த்துக் கொள்ளும் போர்வை வகை ஹீட்டரை மட்டுமே அனுமதிக்கிறது. பாட்டிலை அசையாமல் நிரந்தரமாகப் பொருத்த வேண்டும். சாதாரண கிளாம்ப், பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டக் கூடாது என்றும் அதன் விதிகள் கூறுகின்றன. கார்களுக்கு விற்கப்படும் நைட்ரஸில், யாரும் முகர்ந்து பார்க்கக் கூடாது என்பதற்காகக் கந்தக டை ஆக்சைடு சிறிதளவு கலக்கப்படுகிறது.

அக்கா மகனுக்குச் சொன்ன பதில்

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அந்த மெக்கானிக் பெட்ரோலைக் கூட்டுவதற்கு என்ன ஏற்பாடு செய்கிறேன் என்றார்? பொறியின் நேரத்தை எது மாற்றும்?" அவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் கேட்டுவிட்டு வந்தான். "பாட்டிலும் பட்டனும் மட்டும்தானாம் மாமா" என்றான். கேமில் இருப்பது அதுதான். நிஜத்தில் அது பாதிதான் என்று சொன்னேன்.

சட்டமும் நம் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. நைட்ரஸுக்கு உரிய இடம் பாதுகாப்பு ஏற்பாடுகள் உள்ள ரேஸ் டிராக்தான்; நம் தெரு அல்ல.

இப்போது அவன் அந்த ஸ்ப்ரெட்ஷீட்டை வைத்துக் கொண்டு, மூன்று ஸ்டேஜ், நான்கு ஸ்டேஜ் என்று எண்களை மாற்றிப் பார்த்துக் கொண்டிருக்கிறான். அதில் தவறு செய்தால் ஒரு எண்ணை அழித்துவிட்டு மீண்டும் டைப் செய்யலாம். உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வந்தால், திட்டி அனுப்பாமல் அந்த ஷீட்டைத் திறந்து காட்டுங்கள். எக்ஸெல் பார்முலாவும் கற்றுக் கொண்ட மாதிரி இருக்கும். ஒரு எஞ்சினும், ஒருவேளை ஒரு பிள்ளையும் பிழைத்த மாதிரி இருக்கும்.